மூன்றாம் வகுப்புப் புகைப்படம்

“சைக்கிளும் போயிடுச்சா?”

“காலையில போயிடுச்சுக்கா. நம்ம வீட்ல ஏது சைக்கிளுன்னு மாமா கேட்டாரு. திரும்பிப் பாத்தா பூட்டு மட்டும் கெடக்குது.”

“பொருள் போனா போகுது வனஜா. அவரு ஆளை மறந்துடாம பாத்துக்கோ.”

சுவருக்கு அந்தப் பக்கம் நின்று இதைச் சொன்னவள் ஜமீலா, வாணியம்பாடிக்காரி. வெளிமாநிலத்தில் பட்டாளத்துக் குடும்பங்கள் நிறைந்த விஷ்ராந்த்வாடியில் அது 1999 மே மாதம். வனஜாவின் மாமனார் சின்னதுரை எதை மறந்தாலும் அது இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஜனவரியில் கொய்யா மரம் போனது. மண்ணில் குழிகூட இல்லை. பால் விலை ஏறிய வாரத்தில் தண்ணீர்த் தொட்டியின் மூடி போனது; தாம்பாளத்தால் மூடினார்கள். மார்ச்சில், செத்துப்போன மனைவியின் முகம் படத்திலிருந்து போய், சட்டமும் பொட்டும் மிஞ்சின. எழுபத்தொன்றாம் வருடப் போரில் ஹவில்தாராக இருந்தவர் என்பதால் ராணுவ மருத்துவமனையில் பார்த்தார்கள். மருந்து இல்லை, எதிர்த்துப் பேசாதீர்கள், அவர் எந்த வருடத்தில் இருக்கிறாரோ அந்த வருடத்திலேயே நீங்களும் இருங்கள் என்றார் மருத்துவர். பொருள்கள் காணாமல் போவது தன் பிரிவில் வராது என்றும் சொன்னார்.

அதே மே மாதம் வனஜாவின் கணவன் முரளியைக் கார்கிலுக்கு அனுப்பினார்கள். சிக்னல்ஸ் பிரிவில் நாயக், மலையில் ஒயர் இழுக்கும் வேலை. அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் சோறு ஊட்டும் முன் வனஜா மாமனாரிடம் மகனின் படத்தைக் காட்டினாள். முதலில் காட்டியது மீசையும் சீருடையுமாக இருந்த படம். அதிகாரி சோதனைக்கு வந்துவிட்டார் என்று சின்னதுரை கட்டிலிலிருந்து எழுந்து விறைப்பாக நிற்பார், நின்றபடியே வேட்டியை நனைத்துக்கொள்வார், அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. நான்காம் நாள் டிரங்குப் பெட்டியில் வேறொரு படம் கிடைத்தது. கேந்திரிய வித்யாலயா, மூன்றாம் வகுப்பு, கழுத்துப்பட்டை, முன்பல் இல்லாத சிரிப்பு. பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. “நம்ம முரளி” என்றார். இரண்டு இட்லி சாப்பிட்டார். மருத்துவர் சொன்னதும் அதுதானே என்று வனஜா சீருடைப் படத்தை உள்ளே வைத்துப் பூட்டினாள்.

ஆலந்தி சாலை வழியாக மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டி ஒன்று ஜூனில் போனது, ஜூலையில் இரண்டு. வனஜா கலங்கவில்லை. மூன்று வேளையும் மாமா மகன் பெயரைச் சொல்கிறாரே. முரளிக்குத் தமிழ் எழுத வராது, இந்தியில்தான் கடிதம் போடுவான், ஜமீலாதான் படித்துச் சொல்வாள். எழுத்து பெரிசாகிக்கொண்டே வருகிறது என்று அவள் ஒருமுறை சொன்னாள். குளிரில் விரல் மரத்திருக்கும் என்றாள் வனஜா. கடைசிக் கடிதம் பென்சிலால் கோடு கிழித்து எழுதியிருந்தது.

போர் முடிந்து ஆகஸ்டில் ஜீலம் எக்ஸ்பிரஸிலிருந்து முரளி இறங்கினான். எட்டு வயது. பூட்ஸைக் கையில் பிடித்திருந்தான், சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. ஒயரை எப்படி இணைப்பது என்பதும், பக்கத்தில் நின்று செத்த மூன்று பேரின் ஊரும் அவனுக்கு நினைவிருந்தன. “வனஜா, தண்ணி குடு” என்றான் கீச்சுக்குரலில். யூனிட் அலுவலகம் உயரக் குறைவைக் காரணம் காட்டி விடுப்பை நீட்டித்தது. ஜமீலா தன் பேரனின் பழைய அரைக்கால் சட்டைகளைக் கொடுத்தாள். உயிரோடு வந்ததே போதும் என்றாள். சின்னதுரைக்கு மட்டும் எந்த ஆச்சரியமும் இல்லை. வீட்டுப்பாடம் முடித்தாயா என்று கேட்டார். முடித்துவிட்டேன் என்றான் முரளி.

வனஜா பெட்டியைத் திறந்து தங்கள் கல்யாணப் படத்தை எடுத்தாள். பள்ளிப் படத்தை ஒளித்துவிட்டால் அவர் ஒரேயடியாக மறந்துவிடலாம். அதனால் அதை இடது கையில் அவர் கண் முன்னாலேயே பிடித்துக்கொண்டு, வலது கையால் மற்றதை மெல்ல நகர்த்தினாள். கட்டிலின் காலருகே முரளி தரையில் புரளும் தன் கல்யாண வேட்டியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சின்னதுரை இட்லியை மென்றபடி இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மாமா, இவருக்கு மீசை மொளச்சதை ஒரே ஒரு தடவை நெனச்சுப் பாருங்க.”