எல்லாத்தையும் எடுத்தாச்சு

"இது யாருக்கு வாங்கின?" என்று கேட்டேன்.

அக்கா கீரை அலசிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "எது?"

"பையில சோள மாவுக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கியே, இந்த நாப்கின் பாக்கெட்டு."

"ஒளிக்கல. வச்சேன்."

"அறுபத்தெட்டு வயசுல உனக்கு எதுக்கு?"

"எனக்குன்னு யாரு சொன்னா? பேத்தி வந்தா வேணுமே."

"பேத்தி டெட்ராய்ட்ல இருக்கா. பாக்கெட்டு இங்க பிரிச்சிருக்கு."

தண்ணீர்க் குழாயை மூடினாள். கையை ஏப்ரனில் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"பிரஷர் மாத்திரைய மாத்துனாங்க, வெர்லீன். அதுல சூடு."

"எவ்வளவு நாளா?"

"ஒரு மாசமா. எப்பவாச்சும் ஒரு சொட்டு."

"அக்கா, ஒண்ணுமே இல்லாத எடத்துலேர்ந்து ரத்தம் எப்படி வரும்?"

"நீ கீரைய நறுக்கு," என்றாள்.

நறுக்கினேன். என்ன நறுக்கினேன் என்று எனக்கே தெரியாது.

என் அக்கா மோசெல்லை எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. எங்கள் சர்ச்சில் பாடிக்கொண்டிருந்த ரூத்தி பெர்ல் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் நாற்பத்து நாலு வயதில் போனாள். ஒரு தடவைகூடப் பரிசோதனை செய்துகொள்ளாதவள். அவளைப் புதைத்த மண் காயுமுன்பே அக்கா சர்ச் வேனின் சாவியைப் பாஸ்டரிடமிருந்து வாங்கினாள். எங்கள் மாவட்டத்தில் பெண்களுக்கென்று ஒரு டாக்டர் கிடையாது. பிள்ளை பெறவே வெளியூர் போக வேண்டும். அன்றிலிருந்து வசந்தத்தில் ஒருமுறை, இலையுதிரில் ஒருமுறை, வேன் நிறையப் பெண்களை ஏற்றிக்கொண்டு செல்மாவிலுள்ள கிளினிக்குக்கு அவளே ஓட்டிப் போவாள். வரமாட்டேன் என்பவளை வீடு தேடிப் போய்த் திட்டிக் கூட்டி வருவாள். "நீங்க பாத்துக்கிட்டீங்களா சிஸ்டர்?" என்று யாராவது திருப்பிக் கேட்டால் அவளிடம் ஒரே பதில்தான். "எனக்கு எல்லாத்தையும் எடுத்தாச்சு." எல்லோரும் உள்ளே போவார்கள். அவள் வேனில் உட்கார்ந்து ஏசியைப் போட்டுக்கொண்டு பைபிள் படிப்பாள்.

அன்று வீட்டுக்கு வந்து தட்டைப்பயறு உரிக்க உட்கார்ந்தேன். பயறைத் தோல் வாளியிலும் தோலைப் பாத்திரத்திலும் போட்டேன். எழுந்து முற்றத்தைக் கூட்டினேன். கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டினேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அக்கா வீட்டுக் கொடியில் இருண்ட நிறத் துண்டுகளாகவே காய்ந்துகொண்டிருந்தன. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு செல்மா கிளினிக் நர்ஸ் லவோனாவுக்குப் போன் போட்டேன்.

"லவோனா, ஒருத்தருக்குக் கர்ப்பப்பைய எடுத்துட்டாங்கன்னா, அதுக்கப்புறம் ரத்தம் வருமா?"

"யாருக்கு, மிஸ் வெர்லீன்?"

"ஒருத்தருக்கு."

"அந்த ஒருத்தர் வேன் ஓட்டுவாங்களா?"

விளக்குமாற்றைக் காலால் ஓரமாகத் தள்ளினேன்.

"சரி, நான் கேக்கல. அவங்களுக்கு எதுக்கு எடுத்தாங்க?"

"பிரசவத்துல. கொழந்த வந்துடுச்சு, ரத்தம் நிக்கல."

"ஓ." பேனாவைத் தட்டும் சத்தம் கேட்டது. "உயிரு போற அவசரத்துல செஞ்சா சில சமயம் பைய மட்டும் வெட்டி எடுத்துட்டு, கீழ வாய விட்டுடுவாங்க. விட்ட எடத்துல எல்லாம் வரலாம், மிஸ் வெர்லீன். மத்தவங்களுக்கு வர்ற மாதிரியே."

"அந்த ஆஸ்பத்திரிய மூடி எவ்வளவோ காலம் ஆச்சு. டாக்டரும் செத்துட்டார். என்னத்த எடுத்தாங்கன்னு யாரப் போய்க் கேக்கறது?"

"யாரையும் கேக்க வேணாம். பாத்தா தெரிஞ்சுடும். சனிக்கிழம வேன் வருதில்ல? ஓட்டிட்டு வர்றவங்களையும் எறக்கிக் கூட்டிட்டு வாங்க."

"எறங்க மாட்டா."

"எறங்க வைங்க."

சொல்வது சுலபம்.

சனிக்கிழமை வேனில் எப்போதும்போல ஒரே சத்தம். கடைசி சீட்டில் யூரா பெல். மீன் ஆலையில் கெளுத்தி வெட்டுகிறவள், ஐம்பது வயது. ஒவ்வொரு தடவையும் வேனில் ஏறுவாள், கிளினிக் வாசல்வரை வருவாள், அங்கிருந்து கடைத்தெருவுக்கு நழுவிவிடுவாள்.

"யூரா பெல், இந்தத் தடவ என்ன சாக்கு வச்சிருக்க?" அக்கா கண்ணாடியில் பார்த்துக் கேட்டாள்.

"சாக்கெல்லாம் இல்ல சிஸ்டர். என் புருஷனே வெளிச்சத்துல பாக்காத எடத்த லவோனா லைட்டு போட்டுப் பாக்கணுமா?"

"உன் புருஷன் வெளிச்சத்துல உன் மூஞ்சியவாச்சும் பாத்திருக்கானா? பாத்திருந்தா கல்யாணம் நடந்திருக்காதே."

வேனே குலுங்கியது. நான் சிரிக்கவில்லை. அக்கா ஒரு பழைய கறுப்புத் துண்டை மடித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் ஓட்டுவதும் அவள் ஓட்டுவதாக இல்லை. மரம் ஏற்றிய லாரியைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவள், இரண்டைத் தாண்டி மூன்றாவதை முட்டப் போனாள்.

"ஏன் இப்படி ஓட்டற?"

"நேரமாச்சு."

"ஆகல."

"உனக்கு ஆகல," என்றாள்.

கிளினிக் வாசலில் எல்லோரும் இறங்கினார்கள். யூரா பெல்கூட யார் பின்னாலோ போனாள். நான் இறங்கவில்லை.

"உனக்கு என்ன, கால் மரத்துப்போச்சா?"

"நீ எறங்கு, நானும் எறங்கறேன்."

"எனக்கு அங்க என்ன வேல? எனக்குத்தான் எல்லா—"

"அத இன்னொரு தடவ சொல்லாத அக்கா." லவோனா சொன்னதை அப்படியே சொன்னேன். பை, வாய், அவசரம், எல்லாம்.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டாள். "அவகிட்ட என் பேரச் சொன்னியா?"

"சொல்லல. அவளே கண்டுபுடிச்சா."

"அப்ப ஊருக்கே தெரிஞ்சாச்சு."

"ஊரு கெடக்கு. உள்ள வா."

ஏசியைக் கூட்டினாள். குறைத்தாள். "அந்த டாக்டர் என் கால்மாட்டுல நின்னு சொன்னார். 'எல்லாத்தையும் எடுத்துட்டேன், இனிமே உனக்கு அந்தத் தொல்லையே இல்ல'ன்னு. தொல்லைன்னு சொன்னார் வெர்லீன். நான் நாலு பெத்துக்கணும்னு இருந்தவ. ஒண்ணோட முடிச்சு அனுப்பிட்டார். சரி, புள்ளைங்கதான் போச்சு, அந்த எடத்துல ஒரு நோவும் இனிமே வராதுன்னு மனச ஆத்திக்கிட்டேன். எனக்குக் கெடச்சது அது ஒண்ணுதான். இப்ப அதுவும் இல்லன்னு சொல்றதுக்கா நீ இங்க உக்காந்திருக்க?"

கதவுப் பிடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

யாரோ கண்ணாடியில் தட்டினார்கள். லவோனா.

"மிஸ் மோசெல், ஒரு உதவி. யூரா பெல் உள்ள வந்துட்டாங்க. கவுனும் மாத்திட்டாங்க. மேஜமேல ஏற மாட்டேன்னு ஸ்டூல்ல உக்காந்திருக்காங்க. நீங்க வந்து ஒரு சத்தம் போட்டாத்தான் ஆகும்."

லவோனா என் பக்கம் பார்க்கவே இல்லை. பார்க்காததிலேயே எனக்குப் புரிந்தது, அக்காவை இறக்கத்தான் இந்த அழைப்பு என்று.

திட்டுவதற்கு அழைத்தால் என் அக்காவால் உட்கார்ந்திருக்க முடியாது. குதித்து இறங்கினாள். நான் பின்னால் ஓடினேன்.

யூரா பெல் காகிதக் கவுனை முழங்காலுக்குக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏறு," என்றாள் அக்கா.

"நீங்க ஏறுங்க மொதல்ல."

"வெளையாடாத. எனக்கு அங்க ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் எடுத்தாச்சு."

"அப்ப ரொம்ப வசதியாப் போச்சு சிஸ்டர். இருக்கறவ நானே காட்டணும்னா, இல்லாதவங்க காட்டறதுக்கு என்ன கூச்சம்? இல்லாததத்தானே பாக்கப் போறாங்க."

வெளியே நடையில் காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அக்கா வாயைத் திறந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் பதில் கிடைக்காமல் நின்று நான் பார்த்தது அப்போதுதான். என்னைப் பார்த்தாள். நான் கண்ணை எடுக்கவில்லை.

கைப்பையைக் கழற்றி என்னிடம் தந்தாள். "குடு அந்தக் கவுன. இவ வாய மூடறதுக்காச்சும்."

யூரா பெல்லை வெளியே அனுப்பினார்கள். நான் அக்காவின் தலைமாட்டில் நின்றேன். லவோனா ஸ்டூலை இழுத்துப் போட்டு விளக்கைத் திருப்பினாள்.

"கொஞ்சம் சில்லுன்னு இருக்கும், மிஸ் மோசெல். மூச்ச விடுங்க."

"விட்டுக்கிட்டுதான் இருக்கேன். இல்லாட்டி செத்திருப்பேன்."

இரும்புக் கருவி டக்கென்று விரிந்தது. பிறகு லவோனா சொன்னாள். "இருக்கு."

"என்ன இருக்கு?"

"கர்ப்பப்பை வாய். எடுக்கல. அப்படியே இருக்கு."

அக்கா சிரித்தாள். மல்லாந்து படுத்தபடி வயிறு குலுங்கச் சிரித்தாள். "விட்டு வச்சிட்டாங்களா? இத்தன காலமா எங்கூடவே இருந்துச்சா? கேட்டியா வெர்லீன், எல்லாத்தையும் எடுக்கலயாம்."

"ஆடாதீங்க, மிஸ் மோசெல்."

தொலைந்துவிட்டது என்று தேடுவதையே விட்டுவிட்ட ஒன்று வீட்டுக்குள்ளேயே கிடந்தால் வருமே, அந்தச் சிரிப்பு. ஆனால் லவோனா சிரிக்கவில்லை. விளக்கை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள்.

"ரத்தம் எப்பலேர்ந்து வருது?"

அக்காவின் சிரிப்பு நின்றது. "ஈஸ்டர்லேர்ந்து."

என்னிடம் ஒரு மாதம் என்றாள். ஈஸ்டர் போய் அரை வருஷம் ஆகிறது; இப்போது பருத்தி வெடித்துக் கிடக்கிறது.

"ஒரு புண்ணு இருக்கு. லேசாத் தொட்டாலே ரத்தம் வருது," என்றாள் லவோனா. "நானா எதையும் ஊகிச்சுச் சொல்ல மாட்டேன். பர்மிங்ஹாம்ல ஒரு டாக்டர் சதையில சின்னத் துண்டு எடுத்துப் பாக்கணும். இந்த வாரமே. இப்பவே நான் போன் பண்றேன், நீங்க உடுத்திக்கறதுக்குள்ள."

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை. விட்டபோது விரல் பதிந்த இடம் வெளுத்திருந்தது.

நாங்கள் வெளியே வந்ததும் யூரா பெல் எங்கள் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று அவள் மேஜைமேல் ஏற யாரும் சத்தம் போட வேண்டியிருக்கவில்லை.

பர்மிங்ஹாமில் சதைத் துண்டு எடுத்தார்கள். காத்திருந்த நாட்களில் அக்கா வீட்டுத் திரைச்சீலைகளையெல்லாம் துவைத்தாள், காய்வதற்குள் எடுத்து மாட்டினாள். நான் ரோட்டைத் தாண்டி அங்கே போவதும் இங்கே வருவதுமாக இருந்தேன். போன் வந்தது. நேரில் வரச் சொன்னார்கள்.

டாக்டர் சின்னப் பெண். நாற்காலியை அக்காவின் முழங்கால் அருகே இழுத்துப் போட்டுப் பேசினாள்.

"புத்துநோய்தான், மிஸ் மோசெல். பக்கத்துல கொஞ்சம் பரவியிருக்கு. தூரமாப் போகல. வைத்தியம் இருக்கு. வாரத்துல அஞ்சு நாள் இங்க வந்து கதிர்வீச்சு வச்சுக்கணும், ஒன்றர மாசம்போல. கூடவே மருந்தும் ஏத்துவோம். கொணமாக நெறைய வாய்ப்பு இருக்கு. ஆனா நிச்சயம்னு நான் சொல்ல மாட்டேன்."

"நிச்சயம்னு சொன்னவர ஏற்கெனவே ஒருத்தரப் பாத்துட்டேன்," என்றாள் அக்கா. "ஒண்ணு கேக்கறேன். அப்பப்ப யாராச்சும் எனக்குப் பாத்திருந்தா?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தாள். "பெரும்பாலும் நோயா மாறறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். அங்கயே சரி பண்ணியிருக்கலாம்."

"நான் வாசல்லதான் உக்காந்திருந்தேன்," என்றாள் அக்கா. "ஒவ்வொரு தடவையும்."

டாக்டருக்கு விளங்கவில்லை. நான் விளக்கவும் இல்லை.

திங்கட்கிழமை காலை சிகிச்சை தொடங்கும். ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அக்கா தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்கும் முன்னறைக்குமாக நடக்க ஆரம்பித்தாள்.

"உக்காந்து ஒரு வாய் சாப்புடு அக்கா."

"சாப்புடறேன். இரு." போனில் அழுத்தினாள். "ஐடெல்லா, நான்தான். உனக்கு ஆப்பரேஷன் பண்ணாங்களே, என்னத்த எடுத்தாங்க?... எல்லாத்தையுமா. யாரு சொன்னா?... அவரு சொன்னார், சரி, நீ பாத்தியா?... எப்படிப் பாக்கறதுன்னா, அதுக்குத்தான் லவோனா இருக்கா... கேள்டி. எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க. இருந்துச்சு. இருந்து, கெட்டும் போச்சு... ஆமா, எனக்குத்தான். அழாத. நீ அழறதுக்கா போன் போட்டேன்? புதன்கெழம யூரா பெல் வேன எடுத்துட்டு வருவா, ஏறிப் போ... உன்னோட தெய்வ பயமெல்லாம் சரி, புதன்கெழம போ."

வைத்தாள். அடுத்த எண்ணைத் தேடினாள். கண்ணாடி மூக்கில் சரிந்தது.

"நாளைக்கு விடியறதுக்குள்ள கெளம்பணும். கொஞ்சம் படு," என்றேன்.

"நாளையிலேர்ந்து படுக்கத்தானே போறேன்." ஒரு கையால் என்னைத் தள்ளிவிட்டு நடந்தாள். "நான் சொல்லிச் சொல்லித்தானே இவளுங்கல்லாம் வேனுக்கு வராமப் போனாளுங்க. ஆப்பரேஷன் ஆனவளா, நீ வீட்டுல இருன்னு நான்தானே அனுப்பினேன்." அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. வெட்டிவிட்டு மறுபடி அழுத்தினாள். அதுவும் அடித்தது.

"எல்லாரும் ஆராதன முடிஞ்சு சாப்புட்டுப் படுத்திருப்பாங்க அக்கா."

யாரோ எடுத்துவிட்டார்கள். அக்கா ஜன்னலோரம் நின்றாள்.

"யாரு, மருமகளா? உன் மாமியாரக் கூப்புடு. தூங்கறாங்கன்னா எழுப்பு."