வாளைக்கு வந்த பருந்து

நான் கிதாரில் வரைந்த வாளை மீனைத் தூக்கிப்போக வானத்திலிருந்து ஒரு பருந்து இறங்கியது. பக்கத்திலேயே நிஜ வாளைகள் நாற்பது காய்ந்துகொண்டிருந்தன. அவற்றை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இறக்கை ஒவ்வொன்றும் ஓர் ஆள் நீளம். இதைச் சொன்னால் செங்கல்பட்டிலிருந்து தேவனேரி வரைக்கும் ஒருவரும் நம்புவதில்லை. நீங்களும் நம்ப வேண்டாம், கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள்.

என் பெயர் பார்த்தசாரதி. செங்கல்பட்டு மின்சார ரயில்களில் முப்பத்து மூன்று வருஷம் டிக்கெட் பரிசோதகர். அகப்படுகிற ஒவ்வொருவனும் ஒரு கதை சொல்வான். சீசன் டிக்கெட்டை ஆடு தின்றுவிட்டது என்று ஒருவன் பரனூரில் கண்ணீரே விட்டான். அவ்வளவையும் கேட்டு முடித்து ஓய்வு பெற்ற பிறகு, இனி நம் முறை என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். கூடவே படமும். ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் பயணிகளின் முகங்களைக் கிறுக்கிப் பழகிய கை, இப்போது எலெக்ட்ரிக் கிதார்களில் வரைகிறது. மாமல்லபுரத்துக்கு வடக்கே, தேவனேரிக் கடற்கரையில் என் வீடு. சிறுசேரி கம்பெனிப் பிள்ளைகள் கிதாரைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும் வரிசை மாமல்லபுரம் பஸ் நிலையத்தைத் தொடும். இதுவரை மூன்று பேர் வந்திருக்கிறார்கள்.

மூன்றாவது ஆள் ஹேமந்த். மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். அவனுடைய பாட்டுக் குழுவின் பெயர் வாளை; அதனால் கிதாரிலும் வாளை வேண்டும். சனிக்கிழமை ஆபீஸ் விழாவில் வாசிக்கிறார்கள். கிதாரை என்னிடம் கொடுப்பதற்கு முன்னால் இருபது படம் எடுத்தான். பெட்டி எடை பார்க்கும் கொக்கியில் மாட்டி நிறுத்தான். அடியில் பொறித்திருந்த எண்ணை எழுதிக்கொண்டான். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தான். எனக்குப் பழக்கமான பார்வைதான். டிக்கெட் இல்லாதவனை நான் அப்படித்தான் பார்ப்பேன்.

கம்பிகளையும் கழுத்தையும் கழற்றி வைத்துவிட்டு, வெறும் உடம்பைத் தேய்த்து, அடிப்பூச்சு பூசி, ஆழ்கடல் நீலம் கொடுத்தேன். அதன் மேல், ஒரு வளைவில் தலையும் மறு வளைவில் வாலுமாகச் சுற்றிப் படுத்திருக்கும் வாளை. வாளையின் உடம்பு பாதரசம் மாதிரி மின்னும். கடைப் பெயின்டில் அந்த மினுக்கு வராது. செங்கல்பட்டு மிட்டாய்க் கடையில் இனிப்பின் மேல் ஒட்டுகிற வெள்ளி ரேக்கு வாங்கிவந்தேன். மூச்சு விட்டால் பறந்துவிடும் அந்தத் தாளைத் தூரிகை நுனியால் தொட்டுத் தொட்டு ஒட்டி, செவுளும் துடுப்பும் இழுத்து, கடைசியில் பளபளப்பு வார்னிஷ். மூன்று நாள் மூச்சே விடவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வார்னிஷ் காய வெயில் வேண்டும், மணல் படக்கூடாது. என் மொட்டை மாடியில் கடற்காற்று மணலைக் கொட்டும். அடுத்த வீட்டு வச்சலா கருவாடு போடுகிறவள். இடுப்பு உயரத்தில் மூங்கில் பரண் கட்டி, காக்காய்க்குப் பயந்து மேலே வலை போட்டு மூடியிருப்பாள். புதன்கிழமை காலை அவளுடைய வாளைகளின் வரிசையில் என் வாளையையும் கிடத்தினேன். பத்தரை மணிக்கு அவள் மீனைத் திருப்பிப் போட வலையை விலக்கினாள். பரணின் மறுகோடியில் இரண்டு பேரும் குனிந்திருந்தோம். பின்னால் புடவையை உதறினாற்போல ஒரு சத்தம். நான்தான் முதலில் திரும்பினேன்.

வியாழக்கிழமை ஹேமந்த் வந்து நின்றான். வாளையின் வயிற்றில் மூன்று கீறல். வெள்ளி கிழிந்து நீலம் தெரிந்தது.

"எப்படி சார் ஆச்சு?"

"பருந்து."

"பருந்து?"

"இறக்கை இந்த வூட்டு அகலம், தம்பி. சுத்தி அறுபது நிஜ வாளை கிடக்குது—"

"பதினேழு," என்றாள் வச்சலா. "பதினேழுதான் காயப் போட்டேன்."

"நீங்க பருந்தைப் பாத்தீங்களாக்கா?"

"நான் குனிஞ்சுகினு மீனைத் திருப்பிகினு இருந்தேன்பா. நிமுந்து பாத்தா மேல ஒண்ணியும் இல்ல. டிடிஆரு மட்டும் கையை ஆட்டிகினு கத்திகினு கீறாரு."

ஹேமந்த் என் பக்கம் திரும்பினான். "போன வாரம் சுறா உங்க செருப்பைத் தின்னுச்சுன்னு சொன்னீங்க. அதுக்கு முன்னாடி கரைக்கு வந்த ஆமை உங்ககிட்ட மணி கேட்டுச்சுன்னு சொன்னீங்க."

"ஆமை விஷயம் கொஞ்சம் ஏத்திச் சொன்னது."

அவன் பரணைச் சுற்றி வந்தான். மூலையில் கிடந்த வச்சலாவின் மீன் கத்தியை எடுத்தான். அதன் நுனியைக் கீறலுக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

"அகலம் சரியா இருக்கு."

வச்சலாவின் முகம் மாறியது. "இந்தாப்பா, இன்னா சொல்ற நீ? நான் கீறினேன்னு சொல்றியா?"

"கை தவறியிருக்கலாம்ல. சார் உங்களைக் காப்பாத்தக் கதை சொல்றாருன்னு நினைக்கறேன்."

"டிடிஆரே! நீ வுடற கதைக்கு எம் பேரு நாறுது. இனிமே உன் கட்டை எம் பரண்ல ஏறுச்சு, கடல்ல வீசிப்புடுவேன், சொல்லிட்டேன்."

என்னை ஒருவர் நம்பவில்லை என்றால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு கூட இரண்டு கவளம் இறங்கும். ஆனால் இது அப்படியில்லை. டிக்கெட் வைத்திருக்கிற பயணிக்கு நானே அபராதம் எழுதிவிட்டேன். ஒரே ஒரு தடவை உண்மையைச் சொன்னேன், அது போய் வச்சலாவின் தலையில் விழுந்திருக்கிறது.

"தம்பி, என்ன செஞ்சா நம்புவே?"

"மறுபடி நடக்கணும். எங்க வேலையில அதான் கணக்கு. நடக்கலைன்னா கிதாரை இப்படியே எடுத்துட்டுப் போறேன். இந்தக் கத்தியையும் கீறலையும் சேத்துப் படம் எடுத்து, இங்க யாரும் கிதார் குடுக்காதீங்கன்னு எங்க ஆளுங்க எல்லாருக்கும் அனுப்பிடுவேன்."

வச்சலா இடுப்பில் கை வைத்தாள். "அனுப்பு. ஆனா பருந்து வந்துச்சுன்னா எங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

பரணில் அதே இடம். அதே பதினேழு மீன், வலை விலக்கி. கவிழ்த்த பக்கெட் மேல் கைப்பேசியை நிறுத்திப் படம் பிடிக்கவிட்டான். மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தோம். வெகு உயரத்தில் ஒரு புள்ளி சுற்றிக்கொண்டிருந்தது. அரை மணி. ஒரு மணி. புள்ளி புள்ளியாகவே இருந்தது. வெயில் தாங்காமல் கைப்பேசிதான் முதலில் செத்தது.

"அவ்ளோதான் சார்," என்று ஹேமந்த் எழுந்தான்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. டிக்கெட் இல்லாதவன் என்றைக்காவது பரிசோதகர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கதவுப் பக்கம் நகர்ந்திருக்கிறானா? முதுகைத் திருப்பினால்தான் நகர்வான்.

"நாம முறைச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா அது எப்படி இறங்கும்? எல்லாரும் திரும்பிக்கணும், தம்பி."

அவன் சிரித்தான். "நான் திரும்புவேன், நீங்க நாலாவது கோடு போடுவீங்க."

கடைசியில் அவன் சொன்னபடியே ஏற்பாடு. நானும் வச்சலாவும் பத்தடி தள்ளிக் கடலைப் பார்த்து நிற்க வேண்டும். இரண்டு கையும் தலை மேல், விரல் அசையக் கூடாது. அவன் மட்டும் பரணுக்கு அடியில் மல்லாந்து படுத்து, மூங்கில் இடுக்கு வழியாகப் பார்ப்பான்.

நின்றோம். படகிலிருந்து இறங்கிய எல்லப்பன், "இன்னா டிடிஆரே, போலீசு புட்ச்சிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே போனான். வச்சலா பல்லைக் கடித்துக்கொண்டு, "இது மட்டும் பொய்யா இருக்கட்டும், உன்னைக் காயப் போடறேன்," என்றாள்.

"பொய்யில்ல, வச்சலா."

"எத்தினி வாளை?"

"பதினேழு," என்றேன்.

அவள் என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். அந்த நேரத்தில்தான் பின்னால் புடவையை உதறினாற்போல அதே சத்தம். மூங்கில் முறிந்தது. ஹேமந்த் அலறிய அலறல் திருக்கழுக்குன்றம் மலை உச்சிக்குக் கேட்டிருக்கும்.

திரும்பினோம். வானத்தில் எதுவும் இல்லை. ஹேமந்த் பரணுக்கு வெளியே மணலில் உட்கார்ந்திருந்தான், தலைமுடியெல்லாம் மூங்கில் சிராய். கிதாரை நெஞ்சோடு அணைத்திருந்தான். வாளையின் கழுத்தில் புதிதாக இரண்டு கீறல். பதினேழு மீனும் வைத்தது வைத்தபடி இருந்தன.

"இறக்கை எவ்ளோ நீளம், தம்பி?" என்று ஆசையோடு கேட்டேன். நான்தான் பார்க்கவில்லையே! என் வாழ்க்கையில் அப்படி ஒரு வயிற்றெரிச்சல் வந்ததில்லை.

அவன் சொல்வதற்குள், வச்சலா நிழலில் எடுத்து வைத்திருந்த கைப்பேசி உயிர் பெற்று அடித்தது. அவர்கள் குழுவில் பாடுகிற பெண், ரஞ்சிதா. அவன் அவசரத்தில் ஸ்பீக்கர் போட்டுவிட்டான்.

"கிதார் ரெடியாடா?"

"ரெடி. கொஞ்சம் கீறல் இருக்கு. அதை அழிக்க வேண்டாம்னு சொல்லப்போறேன், மேலயே வார்னிஷ் பூசிடுவாங்க."

"கீறலா? கீழ போட்டுட்டியா?"

"இல்ல ரஞ்சி. பருந்து. மீனுன்னு நினைச்சு…"

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "அந்தப் பெரியவரோட சேந்து நீயும் கதை விட ஆரம்பிச்சுட்டியா? வீடியோ இருக்கா?"

"போன் ஆஃப் ஆயிடுச்சு."

"ஆகும் ஆகும். ஒழுங்கா உண்மையைச் சொல்லு."

ஹேமந்த் என்னைப் பார்த்தான். வச்சலாவைப் பார்த்தான், கீழே கிடந்த கத்தியை எடுத்து, கைப்பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டி, "மன்னிச்சிடுங்கக்கா," என்றான். பிறகு கைப்பேசியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"சத்தியமா நடந்துச்சு, ரஞ்சி. நானே பாத்தேன்."