விக்டோரியாவின் அப்ளிகேஷன்

"மேல் பட்டனும் போட்டுடும்மா," என்று கம்பெனி மேஸ்திரி குப்புராஜ் சொன்னதும் ஞானம்மா புருஷனின் வெள்ளைச் சட்டையைக் கழுத்து வரைக்கும் பூட்டிவிட்டாள். தானியேலின் மார்பில் கன்றிப்போயிருந்த நீலம் துணிக்குள் மறைந்தது.

சவப்பெட்டி பந்தலுக்கடியில் திறந்தே கிடந்தது. பாதிரியார் வந்தாகிவிட்டது, கல்லறையில் குழியும் வெட்டியாகிவிட்டது. ஆனாலும் மூட முடியாது. கவரைப்பேட்டைப் பக்கத்து வயல்களில் தொழிற்சாலைகள் முளைத்ததிலிருந்து அந்தக் காலனியில் அப்படி ஒரு வழக்கம். கம்பெனி ஆள் செத்தால், கம்பெனி மாலை வரும்வரை பெட்டியை மூடுவதில்லை. மாலையின் மேல் யாருக்கும் அவ்வளவு ஆசையில்லை. அதைப் போட்டுவிட்டு மேனேஜர் நிமிரும் நேரம் பார்த்து, வேலை கேட்கும் அப்ளிகேஷனை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடியாது என்று சொல்ல எந்த மனுஷனுக்கும் வாய் வராது என்பது கணக்கு. மறுநாள் போனால் வாட்ச்மேனே திருப்பி அனுப்பிவிடுவான்.

அதனால்தான் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழ வேண்டிய விக்டோரியா, உள்ளே அரிசிப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்ரைட்டிங் லோயரும் பாஸ். கும்மிடிப்பூண்டி இன்ஸ்டிட்யூட் மாஸ்டர் அப்ளிகேஷன் எழுதச் சொல்லித் தரும்போது ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வார்: "உனக்கு இன்னா வேணும்னு எழுதாத. அவனுக்கு இன்னா வேணும்னு தெரிஞ்சு எழுது." அவளும் அப்படித்தான் எழுதி எழுதிப் போட்டாள். ஒரு கம்பெனியும் பதில் போடவில்லை. ஒவ்வொரு கடிதத்தையும் தபாலில் சேர்க்கும் முன் தானியேல் வாங்கிப் பார்ப்பார். இங்கிலீஷ் என்ன, தமிழே படிக்கத் தெரியாது அவருக்கு. "இதுல எம்பேரு எங்கம்மா இருக்குது?" என்பார். அவள் காட்டுவாள். அந்த இடத்தை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுக் கொடுப்பார்.

மேஸ்திரி உள்ளே வந்தார். "இன்னா எழுதிக்கிற? தமிய்ல சொல்லு."

சொன்னாள். கிரேன் சங்கிலி அறுந்து இரும்பு மார்பில் விழுந்தது, லாரியில் தூக்கிப்போகும் வழியிலேயே உயிர் போனது, தம்பிகள் இருவரும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள்.

"சங்கிலி கிங்கிலின்னு எழுதினா வேலை தருவானா? வக்கீலத்தான் வைப்பான்."

"நெசந்தானே மாமா. நீங்களும்தானே பாத்தீங்க?"

"பாத்தேன். நாளிக்கி நானும் அந்த கேட்டுக்குள்ள போவணும் இல்ல?" குப்புராஜ் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "எரியிற ஊட்டுல புடுங்கினது லாபம். ரொம்ப நாளா மாருநோவு இருந்துது, மயங்கி உயுந்து பூட்டாருன்னு எழுது. அந்த ஒரு வரிதான் அவனுக்கு வேணும். அது இருந்தா வேலை உன்குதான்."

மாஸ்டர் சொன்னதும் இதுவேதான். விக்டோரியா வாசற்படியில் நின்ற அம்மாவைப் பார்த்தாள்.

"எழுதும்மா," என்றாள் ஞானம்மா. "பசங்க துன்னணும்."

காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எடுத்தாள். அவள் எழுதியதிலேயே நல்ல கடிதம் அதுதான். ஒரே பக்கம், அடித்தல் திருத்தல் கிடையாது. பெத்த அப்பனுக்கு இல்லாத நோயை எழுதும்போதும் ஓர் எழுத்துகூடக் கோணவில்லை. அதை நினைத்தால்தான் அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

கார் வந்தது. மேனேஜர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பந்தலுக்குள் வந்தார், மாலையைப் போட்டார், கொஞ்ச நேரம் தலைகுனிந்து நின்றார். அவர் நிமிர்ந்ததும் விக்டோரியா இரண்டு கையாலும் காகிதத்தை நீட்டினாள். அங்கேயே நின்று படித்தார். பாதியில் ஒரு வரிக்கு வந்ததும் கண் நின்றது. அதை மறுபடி படித்தார்.

"நல்லா எழுதியிருக்கே. நீயேவா?"

"ஆமா சார்."

"அண்ணன் யாரும் இல்லையா?"

"இல்ல சார். தம்பிங்கதான். சின்னப் பசங்க."

"ஆபீஸ்ல இடம் இல்லம்மா. ஒர்க்‌ஷாப்ல லேடீஸ் எடுக்கறதில்ல." குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "தம்பி பெரியவனானதும் வரச் சொல்லு, பாக்கலாம்." காகிதத்தை நாலாக மடித்தார்.

விக்டோரியா கையை நீட்டினாள். "அப்ப அதைக் குடுத்துடுங்க சார்."

"எதை?"

"அப்ளிகேஷன."

"பரவாயில்லம்மா. ஃபைல்ல இருக்கட்டும்." சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். குப்புராஜ் முந்திக்கொண்டு போய்க் கார்க் கதவைத் திறந்தார். அவள் பக்கம் திரும்பவேயில்லை.

ஞானம்மா மகளின் தோளைப் பிடித்தாள். "இன்னாடி சொன்னாரு?"

"ஃபைல்ல இருக்கட்டும்னாரு."

"வாங்கி வெச்சிக்கினாரு இல்ல? அப்ப கெடைச்சிடும்." ஞானம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நேற்றிலிருந்து இப்போதுதான் அவள் மூச்சு சீராக வந்தது.

பாதிரியார் ஜெபத்தை முடித்துத் தலையசைத்தார். நாலு பேர் மூடியைத் தூக்கினார்கள்.

"கொஞ்சம் இருங்க," என்று விக்டோரியா பெட்டியருகே மண்டியிட்டாள். கம்பெனி மாலையை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். அப்பாவின் சட்டையில் மேல் பட்டனைக் கழற்றினாள். பிறகு அடுத்ததை. பிறகு அதற்கடுத்ததை.

"இன்னாடி பண்ற?" என்றாள் ஞானம்மா.

"கயுத்து வரைக்கும் போட்டா நைனாவுக்குப் புயுக்கமா இருக்கும்."

மூடியைப் பிடித்திருந்த நால்வரும் தொழிற்சாலை ஆட்கள்தான். திறந்த மார்பில் கன்றியிருந்த நீலத்தைப் பார்த்தார்கள். பெட்டி செய்த தச்சர் வாயில் கவ்வியிருந்த ஆணிகளில் ஒன்றை எடுத்தார்.