சின்னராசுவின் மாசி மக லீவு

கேளம்பாக்கம் சந்திப்பில் நின்ற கல் சிப்பாய், மாசி மகத்துக்கு முந்தின நாள் காலை பத்தரை மணிக்குப் பூட்ஸைக் கழற்றிப் பீடத்தில் ஜோடியாக வைத்துவிட்டு, கோவளம் சாலையில் இறங்கி நடந்தார். பர்மாச் சண்டைக்குப் போய்த் திரும்பாத இருளர் வீரர்கள் ஒன்பது பேருக்கான நினைவுச்சின்னம் அது. அவர்களில் சின்னராசுவுக்கு மட்டும்தான் புகைப்படம் இருந்தது என்பதால் மாமல்லபுரத்துச் சிற்பி அவரையே செதுக்கியிருந்தார். எடை இரண்டரை டன். ஒரு ஷேர் ஆட்டோக்காரர் அவரை ஏற்றிக்கொள்ள நிறுத்தினார். பிறகு வண்டியை நினைத்துப் பார்த்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கிளம்பினார். நெம்மேலியில் அவர் பாதம் பட்ட இடங்களில் தார் ஓர் அங்குலம் இறங்கியது.

சிலைக்குக் காவல் மோசஸ். திங்கட்கிழமைக்குள் சிலை வராவிட்டால் அவரும் வர வேண்டாம் என்று நினைவுச்சின்னக் குழு அதிகாரி ஸ்ரீதேவி சொல்லிவிட்டார். மோசஸ் பஸ் பிடித்து, தாரில் பதிந்த தடத்தைப் பார்த்துக்கொண்டே மாமல்லபுரம் போனார். கன்னியம்மனைக் கும்பிட வந்த இருளர் குடும்பங்கள் கடற்கரையெங்கும் சேலைகளால் கூடாரம் போட்டிருந்தன. ஒரு கூடாரத்தின் முன்னால், இடுப்பளவு மணலில் புதைந்து சின்னராசு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"இன்னா அண்ணாத்த, சொல்லாம கொள்ளாம வந்துட்டே? என் வேலைக்கு வேட்டு வெச்சிட்டு இங்க குந்திகினு கீறியே!"

பக்கத்திலிருந்த சின்னராசுவின் பேத்தி துர்காதேவிதான் திரும்பினாள்.

"யாரு சொல்லாம வந்தது? மாசி மகத்துக்கு மூணு நாள் லீவு வோணும்னு எம்பது வருசத்துக்கு மின்னாடியே பட்டாளத்துல எழுதிக் குடுத்துட்டாரு. பதிலு சொல்லாதது உங்க ஆளுங்க."

சின்னராசுவின் டிரங்குப் பெட்டியோடு வீடு வந்து சேர்ந்த விண்ணப்பத்தை அவள் பத்திரமாக வைத்திருந்தாள். அதிகாரி கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது.

"லீவு குடுத்தா திரும்பி வருவாராம்மா?"

"பூட்ஸ அங்கதான வுட்டுட்டு வந்துகீறாரு?"

மோசஸ் காகிதத்தைக் கொண்டுபோய் ஸ்ரீதேவியிடம் கொடுத்தார். அவர் இரண்டு முறை படித்தார். காலியிடத்தில், 'அனுமதிக்கப்படுகிறது, தாமதத்துக்கு வருந்துகிறோம்' என்று பச்சை மையில் எழுதிக் கையெழுத்திட்டார். திங்கள் மாலை நான்கு மணிக்குச் சின்னராசு வந்தார். உள்ளங்கால் மணலைத் தட்டிவிட்டு, பூட்ஸை மாட்டிக்கொண்டு, பழையபடி நின்றார்.

இது நடந்து நாலு வருடமாகிறது. விடுப்பு ஆண்டுதோறும் முன்கூட்டியே அனுமதிக்கப்படுகிறது. மோசஸ் வேலையில் இருக்கிறார். அந்த மூன்று நாளும் பூட்ஸுக்குக் காவல். யாராவது கோவளத்துக்கு வழி கேட்டால் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்கிறார்:

"பூட்ஸு மட்டும் நிக்கிது பாரு, அங்க திரும்பு."