தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம்

என் தங்கச்சி வீட்டுக்காரர் கப்பலில் பன்னிரண்டு வருஷம் இருந்தவர். ஒரு கப்பல் மூழ்கிய பிறகு கடல் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. பழைய இரும்பு உடைக்கிற யார்டில் நான்தான் அவரைச் சேர்த்துவிட்டேன். அங்கிருந்து கடல் ரயிலில் இரண்டு நாள்.

ஒருநாள் ராணுவம் கழித்துப்போட்ட டாங்கி வந்தது. வெட்ட வேண்டிய பாகங்களில் சாக்பீஸால் பேர் எழுதினேன். அடி உடம்பு ‘ஹல்’, மேல்தகடு ‘டெக்’, இறங்குகிற மூடி ‘ஹேட்ச்’, உள்ளே இன்ஜினைப் பிரிக்கிற இரும்புச் சுவர் ‘பல்க்ஹெட்’.

மாப்பிள்ளை முகம் வெளிறிவிட்டது. “மச்சான், இதெல்லாம் கப்பல் பேரு.”

“ஆமா மாப்ளே. முதல்ல இதுக்குத் திட்டம் போட்டதே கடற்படைக்காரங்கதானாம். தரையில ஓடுற கப்பல்னு நெனச்சிருக்காங்க, பேரு ஒட்டிக்கிச்சு. பயப்படாதீங்க, இது முழுகாது.”

அவர் சிரிக்கவில்லை. போல்ட் கழற்ற உள்ளே இறங்கினார். நல்ல உச்சி வெயில். கொஞ்ச நேரத்தில் டொக், டொக், டொக். நின்று, மறுபடி மூன்று.

“என்ன மாப்ளே, ஸ்பானர் வேணுமா?”

எட்டிப் பார்த்தேன். இரண்டு கையையும் மடியில் வைத்தபடி பல்க்ஹெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டல் நிற்கவில்லை. பின்பக்கம் ஓடினேன். இன்ஜினை முந்தின நாளே எடுத்தாகிவிட்டது, வெறும் கூடு. சுவரில் கை வைத்தேன். வெயிலில் கிடந்த இரும்பு சில்லென்று இருந்தது. ஒவ்வொரு தட்டும் உள்ளங்கையில் அதிர்ந்தது.

உள்ளே அவர் பேசுவது கேட்டது. என்னிடம் அல்ல. “கேட்டுச்சுடா. அன்னிக்கே கேட்டுச்சு.”

தட்டல் நின்றது.

வெளியே இழுத்து, தண்ணீர் கொடுத்த பிறகுதான் சொன்னார். கப்பலில் தண்ணீர் ஏறியதும் பல்க்ஹெட் கதவை மூடச் சொன்னார்களாம். அந்தப் பக்கம் மெஷினுக்கு எண்ணெய் போடுகிறவன் இருந்தான். இவர்தான் மூடியவர். விசாரணையில், யாரும் இருந்தது தெரியாது என்று சொல்லிவிட்டார். ஏழு வருஷமாக என் தங்கச்சிக்குக்கூடத் தெரியாது.

“அவன் பொண்டாட்டிகிட்ட சொல்லணும் மச்சான்.”

“செருப்பால அடிக்கும் அந்தம்மா.”

“அடிக்கட்டும்.”

அன்று சாயங்காலமே கடலோரத்தில் இருந்த அவள் ஊருக்கு ரயில் ஏறினோம். அந்தம்மா அடிக்கவில்லை. வாசலில் நின்றபடியே முழுசும் கேட்டாள். பிறகு ஒரே கேள்வி: “எவ்வளவு நேரம் தட்டுனாரு?”

“நாலு மணி நேரம். நாங்க படகுல இறங்கும்போதும் கேட்டுச்சு.”

அவள் படியில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை எதிரே தரையில் உட்கார்ந்தார். நான் தெருமுனைக்குப் போய் நின்றுகொண்டேன்.