விசாகப்பட்டினத்தில் ஐந்து நாள்

எல்லாவற்றையும் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று தெரியவில்லை. அது மார்ச் கடைசி வாரம் என்று நினைக்கிறேன், ஏப்ரலாகவும் இருக்கலாம். அந்த நாட்களைப் பொறுத்தவரை என் நினைவை நான் நம்புவதில்லை. எழுதி வைத்ததைப் பார்த்துக்கொள்ளலாம் என்றால், தவறே நான் எழுதி வைத்ததில்தான் நடந்தது.

ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் தரப் பிரிவில் பதினேழு வருடம் இருந்தேன். மாத்திரைக்கான பொடியை உலர்த்தும் அறைக்கு மணிக்கொரு தரம் போய், சுவரிலுள்ள மீட்டரில் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பார்த்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அன்று காலை பதினொரு மணி இருக்கும். மேலதிகாரி விஸ்வநாத் அந்தப் பதிவேட்டைக் கொண்டுவந்து என் மேஜைமேல் திறந்து வைத்தார். அன்றைய பக்கம் மாலை ஐந்து மணி வரை நிரம்பியிருந்தது. இருபத்து நான்கு புள்ளி மூன்று, இருபத்து நான்கு புள்ளி ஆறு என்று நம்பும்படியான எண்கள். இன்னும் வராத பன்னிரண்டு மணிக்கும் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் எதிரே என் கையெழுத்து. எழுதிய ஞாபகம் துளியும் இல்லை.

"கைக்கு அனுபமா?" என்றார். அவர் இந்தத் தெலுங்கு ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். கோபம் வந்தால் ஹிந்தியும் தமிழும் கலந்துவிடும்; 'கைக்கு' என்றால் ஏன். "வேற யாராவதுன்னா எனக்கு ஆச்சரியமே இல்ல. நீங்களா?"

"தெரியல சார்."

"ஆடிட்ல தெரியலன்னு ஒரு காரணம் கிடையாதும்மா. பத்து நாள் லீவு எடுத்துக்கோங்க. திரும்பி வர்ற அன்னிக்கு கமிட்டி உக்காரும். காரணம் எழுதி எடுத்துட்டு வாங்க. வெறுங்கையோட வந்தா பொய்ப் பதிவுன்னு எழுதி வேலையை விட்டு அனுப்பிடுவாங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

மற்றவர்கள் தவறு செய்தபோது விசாரணைப் படிவத்தை நிரப்பியது நான்தான். காரணம் என்ற கட்டத்தில் 'கவனக்குறைவு' என்றும், அதற்குக் கீழே 'மறுபயிற்சி அளிக்கப்பட்டது' என்றும் இருநூறு தடவையாவது எழுதியிருப்பேன். ஒருவரையும், நேற்று தூங்கினாயா என்று கேட்டதில்லை.

குகட்பள்ளி வீட்டில் லீவு என்று மட்டும் சொன்னேன். கணவர் சுப்பிரமணியத்துக்கு வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை. "நல்லதாப் போச்சு அனு" என்றார். கேஸ் இணைப்பில் ஆதார் சேர்ப்பது, பேங்கில் கையெழுத்து மாற்றுவது, பரண், மகள் ஹம்ஸினியின் பல் டாக்டர். லீவின் முதல் நான்கு நாளும் வேலை நாட்களைவிட அதிகமாக ஓடினேன். நான்காம் நாள் மாலை அடுப்படியில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் நின்றேனோ.

"அனு, எட்டு விசில் ஆச்சு. நான் எண்ணிண்டே இருக்கேன்" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது. ஆள் வரவில்லை.

அன்று சாப்பிடும்போது, கம்பெனி விசாகப்பட்டினத்துக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறது, ஐந்து நாள் என்றேன். அந்தப் பதிவேட்டு எண்களைப் போலவே இதுவும் தானாக வந்தது.

மறுநாள் காலை பெட்டியோடு, அதே ஊரின் இன்னொரு மூலையிலுள்ள நாச்சாரத்தில் இறங்கினேன். எங்கள் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருந்த லூர்துமேரி முழங்கால் வலி தாங்காமல் வேலையை விட்டுவிட்டு, அங்கே வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஒரு விடுதி நடத்துகிறாள். பன்னிரண்டு கட்டில். தூத்துக்குடிக்காரி. என்னைப் பார்த்தவள் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"ஏட்டி, சன்னலோரம் ஒரு கட்டில் கெடக்கு. தண்ணி காலைல ஆறரைக்கு வரும். பிடிச்சு வச்சுக்கோ. அதத் தவிர ஒனக்கு இங்க ஒரு சோலியும் கெடையாது."

பெண்கள் ஷிப்டுக்குப் போன பிறகு அந்த வீட்டில் ஓசையே இருக்காது. எங்கோ ஒரு லேத் மெஷின் ஓடும், நிற்கும். நான் படுத்திருப்பேன். மணிக்கொரு தரம் உடம்பு தானாக எழுந்து உட்காரும். கண் சுவரில் மீட்டரைத் தேடும். அங்கே ஒரு நாட்காட்டியும் சிலுவையும் இருந்தன. திரும்பப் படுப்பேன். இரண்டு நாள் இப்படியே போனது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அதற்காகத்தானே வந்தேன் என்று நினைத்தாலும், போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். நானில்லாமல் எல்லாம் நடக்கிறது. அப்படியானால் இத்தனை வருடம் அங்கே இருந்ததாவது நானா? கை மட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. என்றைக்கு அதைத் தனியாக அனுப்ப ஆரம்பித்தேன் என்று யோசித்தேன். ஒரு தேதியும் நினைவுக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் கண் விழித்தபோது வெயில் எதிர்ச்சுவரில் இருந்தது. நான்கு மணி நேரம் போயிருந்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். பசித்தது. வயிறு சுருண்டு இழுக்கும் பசி. எழுந்து அடுக்களைக்குப் போனேன்.

"ஒனக்குத் தனிச்சட்டிலதான் ரசம் வச்சிருக்கேன். மீன் கரண்டி படல, பயப்படாத" என்றாள் லூர்துமேரி. மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

நான்காம் நாள் மாலை ஹம்ஸினி வீடியோவில் கூப்பிட்டாள். ஒன்பதாம் வகுப்பு. தமிழ் எல்லாம் புரியும்; பதில் மட்டும் தெலுங்கில்தான் வரும்.

"அம்மா, பீச் சூபிஞ்சு" என்றாள். கடலைக் காட்ட வேண்டுமாம்.

விசாகப்பட்டினம் என்று சொன்னபோது எனக்குக் கடல் ஞாபகத்துக்கே வரவில்லை. போனைத் திருப்பினேன். மொட்டை மாடிக் கொடியில் பெண்களின் நீலச் சீருடைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. காற்று அவற்றைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"கடல் இல்லடா. நான் நாச்சாரத்துல இருக்கேன்."

"நாச்சாரமா? எந்துக்கு?"

"தூங்கறதுக்கு."

அவள் போனை முகத்துக்கு அருகில் கொண்டுவந்தாள். பிறகு, "மேமு ஏமைனா சேசாமா?" என்றாள். நாங்கள் ஏதாவது செய்துவிட்டோமா என்று கேட்கிறாள். அவள் கேட்டது இந்த வார்த்தைகளில்தானா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. முகம் நினைவிருக்கிறது.

"நீங்க ஒண்ணும் பண்ணல. நான்தான் என்னைக் கவனிக்கல."

"ஓகே. படுக்கோ அம்மா" என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை. மேஜைமேல் சாய்த்துவிட்டு வீட்டுப்பாடம் எழுத ஆரம்பித்தாள். பேனா நகரும் சத்தம் கேட்டது. நானும் வைக்கவில்லை.

கமிட்டி அன்று காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்: பல வருடமாக ஓய்வில்லை, எழுதும்போது நான் அங்கு இல்லை. விஸ்வநாத் இரண்டு தரம் படித்தார். "இதை யாரும் ஒத்துக்க மாட்டாங்க" என்றார். ஆனால் அடித்து எழுதச் சொல்லவில்லை.

வேலை போகவில்லை. கையெழுத்துப் போடும் உரிமையை எடுத்துவிட்டார்கள். இப்போது பழைய ஆவணங்கள் வைக்கும் அறையில் இருக்கிறேன், சம்பளம் குறைவு. விஸ்வநாத் மறு வருடம் வேறு கம்பெனிக்குப் போனார். ஹம்ஸினி வாரங்கலில் படிக்கிறாள். சுப்பிரமணியத்திடம் நானே உண்மையைச் சொன்னேன். "சொல்லியிருந்தா நானே கொண்டு விட்டிருப்பேனே" என்றார். விட்டிருப்பார்தான், வழியில் பேங்க் வேலையையும் முடித்துக்கொண்டு. லூர்துமேரிக்கு ஒரு முழங்காலில் ஆபரேஷன் ஆகிவிட்டது. விடுதி நடக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போகிறேன். போன மாதம் சன்னலோரக் கட்டிலில் புதிதாக ஒரு பெண், காலணியைக்கூடக் கழற்றாமல், வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.