நர்மதா போட்ட கையெழுத்து

மாலை ஐந்து மணியோடு விண்ணப்பம் முடிகிறது. இப்போதே மணி நாலரை. வாலிகண்டபுரத்தில் தன் வீட்டுக் கட்டிலில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள் நர்மதா. பத்து வயதில் வந்த காய்ச்சலில் பார்வை போனவள். ஆனால் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் போன் கையில் இருந்தால் அவளை யாரும் அசைக்க முடியாது. இரண்டு நாளாகப் படுத்துக்கிடந்த விண்ணப்ப இணையதளம் மதியம்தான் எழுந்தது. தட்டச்சர் வேலைக்கான நீண்ட படிவத்தை ஒற்றை ஆளாக நிரப்பிவிட்டாள். வயது வரம்புக்குள் இதுதான் கடைசி வாய்ப்பு. விட்டால் அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு கட்டம். "படம்" என்றது போன். விரலை நகர்த்தினாள். மறுபடியும் "படம்". அதில் இருக்கும் ஐந்து எழுத்தைப் பார்த்து அடித்தால்தான் மனிதர் என்று ஒத்துக்கொள்வார்களாம். அப்படியானால் கண் தெரியாதவள் மனுஷி இல்லையா? நல்லா இருக்கே நியாயம்!

கரும்பு வெட்ட எறையூர் போன கணவன் செல்லக்கண்ணு போனை எடுக்கவில்லை. பெரம்பலூருக்குப் பஸ் பிடித்து இ-சேவை மையம் போய்ச் சேருவதற்குள் ஐந்தாகிவிடும். பக்கத்து வீட்டுத் தனம் அக்காவைக் கூப்பிட்டாள். தனம் மாவுக் கையோடு ஓடிவந்தாள். அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும், இங்கிலீஷ் எழுத்துதான் தெரியாது.

"மொதல்ல ரெண்டு கோடு நிக்குது. நடுவுல ஒரு கோடு படுத்திருக்கு."

"அது எச் எழுத்துக்கா. அடுத்தது?"

"வளையம். அடியில வாலு... இல்ல, அது குறுக்க போவுற கோடா? தெரியலயே புள்ள."

மூன்று தடவை அடித்தும் தப்பு. ஒவ்வொரு தப்புக்கும் ஒரு புதுப் படம். தனத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தப் படம் நர்மதாவுக்குப் புதிதல்ல. மூன்று மாதத்துக்கு முன் அவளை அரியலூருக்குக் காரில் கூட்டிப்போனார்கள். "மாற்றுத்திறனாளிங்களுக்காகப் பல நாடு சேந்து போட்ட ஒப்பந்தங்க, நம்ம நாட்டுலயும் சட்டமாயிடுச்சு. உங்கள மாதிரி ஒருத்தவங்க சோதிச்சுப் பாத்தாத்தான் தளம் செல்லும்" என்றார் தளத்தைச் செய்த கம்பெனிக்காரர் பிரேம். முதலில் பொன்னாடை, பிறகு வடை, காபி. இதே கட்டத்தில் போன் "படம்" என்றதும் பிரேம் எட்டிப் பார்த்து, தானே அடித்துவிட்டார். "இத மட்டும் அடுத்த வாரம் சரிபண்ணிடுறோங்க. ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க." பொன்னாடையைத் தோளில் வைத்துக்கொண்டு எப்படிக் குறை சொல்வது? மரியாதை செய்தவர்கள் முகம் சுண்டிப்போகாதா? போட்டுவிட்டாள்.

நாலு ஐம்பது. உதவி எண்ணுக்கு அடித்து ஸ்பீக்கரில் வைத்தாள். ஒரு பெண் எடுத்தாள்.

"அந்த எழுத்து உங்க போன்ல மட்டுந்தான் தெரியும் மேடம். நான் சொல்ல முடியாதுங்க."

"காதால கேக்குற மாதிரி வழி ஏதும் இல்லீங்களா?"

"இல்லீங்க. ஆனா தளத்துல கொறை இல்லீங்களே. பார்வை இல்லாதவங்களே சோதிச்சு, எல்லாம் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"யாருங்க அது?" கேட்டிருக்கவே வேண்டாம்.

"நர்மதா செல்லக்கண்ணு, வாலிகண்டபுரம்."

நர்மதாவின் கை, அன்று பொன்னாடை கிடந்த தோளைத் தடவியது.

"வேணும்னா புகார் எழுதிக்கிறேன் மேடம். உங்க பேரு சொல்லுங்க."

"புள்ள, புதுப் படம் வந்துடுச்சு, கேளு" என்று தனம் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"மேடம், பேரு?"

நர்மதா வாயைத் திறந்தாள். பேர் வரவில்லை.